கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் செல்லுக்குள் செய்வதைக் கணினி எவ்வளவு தூரம் சொல்லும்?

கேள்வி இது: "என் அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் ஏற்றினார்கள். இந்த இரண்டும் செல்லுக்குள் செய்யும் வேலையைக் கணினியிலேயே கணித்துக் காட்டிவிடலாம் என்று படித்தேன். உண்மையா? எவ்வளவு நம்பலாம்? நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இந்தத் துறைக்கு வரலாமா?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கதிர் பட்ட கணத்திலிருந்து ஒரு மைக்ரோ வினாடி (வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை நடப்பதைக் கணினி நன்றாகவே சொல்கிறது. அதன் பிறகு செல் தன் காயங்களைப் பழுது பார்க்கத் தொடங்கும்போது கணக்கின் பிடி தளர்கிறது. கட்டி சுருங்குமா, அம்மா குணமாவாரா என்ற கேள்விக்கு அணுவிலிருந்து தொடங்கும் எந்தக் கணக்கும் இன்னும் எட்டவில்லை. அதனால் இந்தத் துறை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த முதல் மைக்ரோ வினாடியில்தான் கதிர்வீச்சும் மருந்தும் ஒன்றையொன்று நேரடியாகச் சந்திக்கின்றன. அதை வேறு எந்தக் கருவியாலும் இவ்வளவு அருகில் பார்க்க முடியாது.

ஒரு சிமுலேஷன் முடிவைக் கையில் எடுக்கும்போது, அதில் எது கணக்கிலிருந்து வந்தது, எது நாம் கையிலிருந்து போட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். திரையில் வரும் வண்ணப் படத்தில் இரண்டும் கலந்துதான் தெரியும். எனவே ஒரே ஒரு எலக்ட்ரானைப் பின்தொடர்ந்து போய், வழியெல்லாம் அந்தப் பிரிவினையைக் காட்டுகிறேன்.

முதலில் ஒரு எண். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது 1 கிரே. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும் தண்ணீரின் வெப்பநிலை 0.00024 டிகிரி செல்சியஸ்தான் உயரும். ஆனால் உடல் முழுவதும் ஒரே வேளையில் சுமார் 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காமல் போனால், பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். ஆக, ஆற்றலின் மொத்த அளவை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. அது எங்கே விழுகிறது, எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிமுலேஷன் தேவைப்படுவதே இதனால்தான். சராசரி எடுத்தால் காரணம் கண்ணில் படாது.

நம் ஊரில் பலரும் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் சிகிச்சையில் இன்று பெரும்பாலும் பயன்படுவது லினாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கி. அதிலிருந்து வரும் ஃபோட்டான் திசுவுக்குள் நுழைந்து, ஏதோ ஓர் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைக் காம்ப்டன் சிதறல் வழியாகத் தட்டி விடுகிறது. பிறகு நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி இந்த எலக்ட்ரானின் கைவேலை. அதற்கு 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருந்தால் திசுவில் சுமார் 4 மில்லிமீட்டர் தூரம் ஓடும். ஓட்டத்தின் தொடக்கத்தில் அது மிகச் சிக்கனமாகச் செலவழிக்கிறது: ஒரு மைக்ரோ மீட்டருக்கு ஏறக்குறைய 200 எலக்ட்ரான் வோல்ட். ஒரு செல்லின் உட்கரு சுமார் 10 மைக்ரோ மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடந்து போவதற்குள் நூற்றுக்கும் குறைவான அயனியாக்கங்களே (மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிப் பிரிப்பது) நடக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தண்ணீரில் நடக்கும். டி.என்.ஏ. இழையோ 2 நானோ மீட்டர்தான் அகலம்.

எலக்ட்ரான் களைத்துப்போன பிறகுதான் ஆபத்து கூடுகிறது. ஆற்றல் சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டாகக் குறைந்ததும், சில நானோ மீட்டர் இடைவெளிக்குள் அடுத்தடுத்து அயனியாக்கம் நடக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கொத்து டி.என்.ஏ.வின் மேல் விழுந்தால், எதிரெதிர் இழைகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அறுந்துபோகும். பத்துக் கார இணைகளுக்குள் (இரண்டு இழைகளையும் சேர்க்கும் ஏணிப்படிகள் போன்றவை இவை), அதாவது 3.4 நானோ மீட்டருக்குள், இரண்டும் அறுந்தால் அதை இரட்டை இழை முறிவு என்று கணக்கில் எடுப்பது வழக்கம். 1 கிரே பட்ட ஒரு மனித செல்லில் சுமார் ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளும், 20 முதல் 40 வரை இரட்டை இழை முறிவுகளும் ஏற்படுகின்றன. ஒற்றை முறிவைச் செல் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாதாரண வாழ்க்கையிலேயே நாள் ஒன்றுக்குப் பல்லாயிரம் ஒற்றை முறிவுகளைச் சரிசெய்து பழகியது அது. எதிர் இழையில் பிரதி இருக்கிறதே, பார்த்து எழுதிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில் போனால்தான் செல் திணறுகிறது.

இந்த ஓட்டத்தைக் கணிக்கும் முறைக்கு மான்டே கார்லோ என்று பெயர். 1940-களில் லாஸ் அலமோஸில் ஸ்டானிஸ்லா உலாமும் ஜான் ஃபான் நாய்மனும் நியூட்ரான்களைப் பின்தொடர இதைக் கையாண்டார்கள். எலக்ட்ரான் அடுத்து எங்கே மோதும், மோதினால் அயனியாக்குமா, கிளர்ச்சியூட்டுமா, வெறுமனே திசை திரும்புமா என்பதை ஒவ்வொரு முறையும் தற்செயல் எண்ணைக் கொண்டு தீர்மானித்துக்கொண்டே போக வேண்டும். இப்படி லட்சக்கணக்கான எலக்ட்ரான்களை ஓட்டினால் இயற்கையின் புள்ளிவிவரம் கிடைத்துவிடும். இதற்காக இன்று உலகெங்கும் பயன்படும் ஜியான்ட்4-டி.என்.ஏ. என்ற மென்பொருள், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் பிறந்த ஜியான்ட்4-இன் கிளை. விண்வெளி வீரர்களைத் தாக்கும் கதிர்வீச்சைப் புரிந்துகொள்ள ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2001-இல் தொடங்கிய முயற்சி அது. பிறகு பிரான்சின் போர்டோவில் செபாஸ்தியன் இன்செர்ட்டியின் தலைமையில் வளர்ந்தது. 2007-இல் எல்லோருக்கும் இலவசமாக வெளிவந்தது. ஜெர்மனியின் பார்ட்ராக் போன்று வேறு நிரல்களும் உண்டு.

இந்தக் கட்டத்தில் எது கையிலிருந்து போட்டது? மோதல் வாய்ப்பு அட்டவணைகள். எந்த ஆற்றலில் எந்த வகை மோதல் எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பது அளவீடுகளிலிருந்தும் கோட்பாட்டிலிருந்தும் வருகிறது. கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வந்தால் அட்டவணைக்கு அட்டவணை வேறுபாடு தெரியத் தொடங்குகிறது. சேதம் நடப்பதோ பெரும்பாலும் அங்கேதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சிமுலேஷன்களில் பெரும்பாலானவை செல் முழுவதையும் திரவத் தண்ணீராகவே கொள்கின்றன. டி.என்.ஏ.வும் தண்ணீர்தான், புரதமும் தண்ணீர்தான். எலக்ட்ரானை முதலில் தண்ணீரில் ஓடவிட்டுவிட்டு, பிறகு டி.என்.ஏ.வின் வடிவத்தை அந்தப் பாதையின் மேல் பொருத்தி, எங்கெல்லாம் படுகிறது என்று எண்ணுகிறார்கள். செல்லின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் முதல் தோராயத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் படத்தில் அழகான இரட்டைச் சுருளைப் பார்த்துவிட்டு, அதன் ஒவ்வொரு அணுவும் கணக்கில் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது வேதியியல். அயனியாக்கப்பட்ட தண்ணீர் மூலக்கூறு ஒரு பிக்கோ வினாடிக்குள் (வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் (தனித்த எலக்ட்ரானால் எதோடும் வினைபுரியத் துடிக்கும் துண்டு), ஹைட்ரஜன் அணு, தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்த எலக்ட்ரான் ஆகியவற்றைத் தருகிறது. எக்ஸ் கதிர், காமா கதிர் போன்றவற்றில் டி.என்.ஏ. சேதத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் காரணம் ஹைட்ராக்சில் ரேடிக்கல்தான். கதிர் இழையை நேரடியாகத் தொடவே வேண்டாம். பக்கத்துத் தண்ணீரில் பட்டால் போதும், ரேடிக்கல் சில நானோ மீட்டர் நகர்ந்து வந்து வேலையை முடித்துவிடும். இந்த நகர்வையும், ரேடிக்கல்கள் ஒன்றோடொன்று மோதி அணைந்துபோவதையும் கணினி மிக நன்றாகக் கணிக்கிறது. ஒவ்வொரு 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் தொடக்கத்தில் சுமார் 5 ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் இருக்கும். ஒரு மைக்ரோ வினாடி முடிவில் அது சுமார் 2.7 ஆகக் குறையும். இந்தச் சரிவைச் சோதனையில் அளந்திருக்கிறார்கள், சிமுலேஷனும் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது. இந்த இடத்தை நான் முழு நம்பிக்கையோடு பரிந்துரைப்பேன்.

நம்பிக்கை ஆட்டம் காணும் இடம் இதற்கு அடுத்த அடி. ரேடிக்கல் டி.என்.ஏ.வைத் தொட்டுவிட்டது, அல்லது ஆற்றல் நேரடியாக இழையில் விழுந்துவிட்டது. இழை அறுந்ததா இல்லையா? இதை முடிவு செய்ய இரண்டு விதிகளைக் கையிலிருந்து போடுகிறோம். நேரடித் தாக்குதலுக்கு ஒரு விதி: சர்க்கரை-பாஸ்பேட் பகுதியில் 17.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அறுந்தது என்று கொள். 1980-களின் இறுதியில் சார்ல்டன், நிக்ஜூ, ஹம் ஆகியோர் சோதனை முடிவுகளோடு பொருத்திக் கண்ட எண் அது. இன்னொரு தரப்பு, 5 எலக்ட்ரான் வோல்ட்டில் வாய்ப்பு பூஜ்யம், 37.5-இல் முழு வாய்ப்பு, இடையில் நேர்கோட்டில் ஏறும் என்று வைக்கிறது. ரேடிக்கலுக்கு ஒரு விதி: டி.என்.ஏ.வோடு வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு காரங்களைத் தாக்கும், ஒன்று சர்க்கரையைத் தாக்கும். சர்க்கரையைத் தாக்கியது இழையை அறுக்க என்ன வாய்ப்பு? ஒரு நிரலில் 0.4, இன்னொன்றில் 0.65.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் முதல் விதியைத் தளர்த்தி இரண்டாவதை இறுக்குகிறார். மற்றவர் நேர்மாறாகச் செய்கிறார். இருவருக்கும் கிரே ஒன்றுக்கு 20 முதல் 40 என்ற அதே எண் கிடைக்கிறது. ஏன் கிடைக்காது? அந்த எண்ணோடு பொருந்தும்படிதான் விதிகளே வைக்கப்பட்டன. ஆய்வுக் கட்டுரைகளில் "சோதனையோடு நன்கு ஒத்துப்போகிறது" என்ற வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம், எந்தச் சோதனையைப் பார்த்து விதியை வைத்தார்கள், எந்தச் சோதனையோடு ஒப்பிட்டார்கள் என்று தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை. காமா கதிரைப் பார்த்து விதியை வைத்துவிட்டு, ஒன்றையும் மாற்றாமல் புரோட்டானுக்கும் கார்பன் அயனிக்கும் ஓட்டி, அங்கேயும் சரியாக வந்தால்தான் அதை வெற்றி என்பேன். அப்படிப்பட்ட வெற்றிகளும் உண்டு. கனமான அயனிகள் முறிவுகளைக் கொத்துக் கொத்தாக உண்டாக்கும் என்பதைச் சிமுலேஷன்கள் தெளிவாகவே காட்டுகின்றன.

விதிகளைச் சோதித்துப் பார்க்க உதவும் சோதனை மிக எளியது, கண்ணால் பார்க்கக்கூடியது. பாக்டீரியாவின் பிளாஸ்மிட் டி.என்.ஏ. ஒரு வளையம். 4361 கார இணைகள் கொண்ட பி.பி.ஆர்.322 அதற்குப் பழைய உதாரணம். இயல்பில் அது இறுக முறுக்கிய நிலையில் இருக்கும். ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், முறுக்கிய வளையம் கச்சிதமாக இருப்பதால் முன்னால் ஓடிவிடும். ஓர் இழை மட்டும் அறுந்தால் முறுக்கு அவிழ்ந்து பெரிய வளையமாகி மிகவும் பின்தங்கும். இரண்டு இழைகளும் அறுந்தால் நேரான நாடாவாகி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். புற ஊதா விளக்கின் கீழ் மூன்று பட்டைகள் ஒளிரும். ஒவ்வொன்றின் ஒளிர்வையும் அளந்தால் எத்தனை வளையம் எப்படி அறுந்தது என்று தெரிந்துவிடும். செல்லின் பழுதுபார்க்கும் புரதங்கள் குறுக்கே வராததால், கணினியின் முதல் மைக்ரோ வினாடியோடு நேருக்கு நேர் ஒப்பிடத் தகுந்த சோதனை இதுதான்.

இந்தச் சோதனைதான் 2000-இல் ஒரு பெரிய அதிர்ச்சியைத் தந்தது. கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷின் குழு, உலர்ந்த பிளாஸ்மிட் படலத்தின் மேல் வெற்றிடத்தில் 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் மட்டுமே உள்ள எலக்ட்ரான்களைப் பாய்ச்சியது. அவற்றில் பல, டி.என்.ஏ.வை அயனியாக்கக்கூடப் போதாத ஆற்றல் கொண்டவை. எனினும் ஒற்றை முறிவுகளும் இரட்டை முறிவுகளும் நடந்தன. அதிலும் ஆற்றல் கூடக் கூட முறிவு சீராகக் கூடவில்லை, சில ஆற்றல்களில் மட்டும் உச்சம் தொட்டது. எலக்ட்ரான் முட்டி உடைக்கவில்லை, மூலக்கூறில் சிறிது நேரம் ஒட்டிக்கொண்டு, அந்த எதிர்மின் நிலையே ஒரு பிணைப்பை அவிழ்க்கிறது என்பதற்கு அந்த உச்சங்கள் அடையாளம். ஒரு முதன்மை எலக்ட்ரான் ஓடி முடிப்பதற்குள் இப்படிப்பட்ட மெதுவான எலக்ட்ரான்களைப் பல்லாயிரக்கணக்கில் உண்டாக்குகிறது என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது.

இங்கே மான்டே கார்லோ கை விரித்துவிடும். ஒட்டிக்கொண்ட எலக்ட்ரான் எந்தச் சுற்றுப்பாதையில் இருக்கிறது, எந்தப் பிணைப்புக்குத் தாவுகிறது என்று கேட்டால் குவாண்டம் இயங்கியலுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் சைமன்ஸ் குழு இதைக் கணித்தது. எலக்ட்ரான் முதலில் காரத்தில் உட்காருகிறது, அங்கிருந்து சர்க்கரைக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையிலுள்ள கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புக்குச் செல்கிறது, பிணைப்பு விட்டுப்போகிறது. கணக்கில் கிடைத்த ஆற்றல் தடை கடக்கக்கூடியதாகவே இருந்தது. இன்று இந்த வகைக் கணக்குகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழச் செய்கிறார்கள். எலக்ட்ரான் இருக்கும் சிறு பகுதிக்குக் குவாண்டம் கணக்கு, சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு நியூட்டனின் கணக்கு. இந்த இணைப்பு முறைக்காகத்தான் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவரும் 2013-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

தண்ணீர் வந்ததும் கதை மாறியது. உலர்ந்த படலத்தில் நடப்பது ஈரமான செல்லில் அதே அளவுக்கு நடக்குமா? மெதுவான எலக்ட்ரானைத் தண்ணீர் ஒரு பிக்கோ வினாடிக்குள் சூழ்ந்து பிடித்துவிடும். அப்படிப் பிடிபட்ட எலக்ட்ரான் காரத்தோடு வினைபுரிந்தாலும் இழையை அறுப்பதில்லை. எனவே பிடிபடுவதற்கு முன் கிடைக்கும் அந்தக் குறுகிய கணத்துக்குள் அது டி.என்.ஏ.வை அடைய வேண்டும். எத்தனை எலக்ட்ரான்கள் அடைகின்றன என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு தொடர்கிறது. என் கணிப்பில், சாதாரணத் திசுவில் இதன் பங்கு 2000-இல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆனால் எலக்ட்ரானை விரும்பிப் பிடிக்கும் ஒரு மூலக்கூறை டி.என்.ஏ.வுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கிருந்துதான் வலுப்பெற்றது. உங்கள் அம்மாவின் மருந்து நுழையும் இடமும் அதுதான்.

முதலில் எளிய உதாரணமான புரோமோயுராசிலைப் பார்ப்போம். இது தைமினைப் போலவே இருக்கும். மெத்தில் தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புரோமின் அணு, அவ்வளவுதான். பிரியும் செல் ஏமாந்து இதை டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும். பிறகு ஓர் எலக்ட்ரான் வந்து ஒட்டினால் புரோமின் எதிர்மின் அயனியாகக் கழன்று போகும். மிஞ்சும் யுராசில் ரேடிக்கல் பக்கத்துச் சர்க்கரையிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். இழை அறுபடும். குவாண்டம் கணக்கும் சோதனைக் குழாயும் இதில் கைகோத்து நிற்கின்றன. ஆனால் மூளைக் கட்டிகளுக்கு 1990-களில் அமெரிக்காவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. கல்லீரல் அந்த மருந்தின் புரோமினை மளமளவென்று கழற்றிவிடுகிறது. கட்டியில் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. எலும்பு மஜ்ஜைச் செல்களும் பிரிகின்றன, அவையும் மருந்தை எடுத்துக்கொள்கின்றன. பிணைப்பு உடைவதைக் கணித்த கணக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கணக்கு தப்பவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி சிறியது, நோய் பெரியது.

இனி சிஸ்பிளாட்டின். 1965-இல் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா வளரும் திரவத்தில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, மின்முனையின் பிளாட்டினம் கரைந்து பாக்டீரியாவைப் பிரியவிடாமல் தடுப்பதைக் கண்டார். 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இரத்தத்தில் குளோரைடு அதிகம், எனவே மருந்தின் இரண்டு குளோரின்களும் அதில் அப்படியே இருக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே ஒரு குளோரின் விலகித் தண்ணீர் அந்த இடத்தைப் பிடிக்கும். அதன் பிறகுதான் பிளாட்டினம் குவானினின் ஏழாம் நைட்ரஜனில் ஒட்டும். பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு குவானின்களைச் சேர்த்துக் கட்டிவிடும், டி.என்.ஏ. அந்த இடத்தில் வளைந்துபோகும்.

இதை நேரடியாகக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். முடியாது. குளோரின் பாதியளவு விலகவே உடல் வெப்பநிலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். மூலக்கூறு இயக்கச் சிமுலேஷன் ஓர் அடிக்கு ஒன்றிரண்டு ஃபெம்டோ வினாடிதான் (பிக்கோ வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும். நடுத்தர அளவுள்ள ஒரு டி.என்.ஏ.-புரத அமைப்பை நல்ல ஜி.பி.யு. (வரைகலைச் செயலி) ஒன்றில் நாள் முழுவதும் ஓட்டினால் சில நூறு நானோ வினாடிகள் கிடைக்கும். இரண்டு மணி நேரத்தை அந்த வேகத்தில் எட்டப் பல கோடி ஆண்டுகள் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனவே வேறு வழியில் போகிறார்கள். வினையின் ஆற்றல் தடையை மட்டும் குவாண்டம் முறையில் கணித்து, அதிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பிளாட்டினம் ஒட்டி முடிந்த பிறகு டி.என்.ஏ. எப்படி வளைகிறது, அந்த வளைவைப் பழுதுபார்க்கும் புரதம் எப்படி அடையாளம் காண்கிறது என்பதை மட்டும் இயக்கச் சிமுலேஷனில் பார்க்கிறார்கள். இந்த இரண்டாவது பகுதி நன்றாக வருகிறது.

கதிர்வீச்சோடு சேரும்போது சிஸ்பிளாட்டின் என்ன செய்கிறது? இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, பிளாட்டினம் கட்டிய இடம் மெதுவான எலக்ட்ரானைப் பிடித்துப் பக்கத்திலேயே முறிவை உண்டாக்குகிறது. சான்ஷ் குழு பிளாஸ்மிட் படலத்தில் இதை அளந்து காட்டியது. இரண்டு, கதிர் உண்டாக்கிய முறிவைச் செல் சரிசெய்ய விடாமல் பிளாட்டினம் குறுக்கே நிற்கிறது. முதலாவதைக் கணினியில் அழகாகக் காட்டலாம், இரண்டாவதைக் காட்டுவது கடினம். காட்ட முடிகிறது என்பதற்காக முதலாவதுதான் முக்கியக் காரணம் என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையின் நிரந்தரச் சபலம். சிகிச்சையில் மருந்தும் கதிரும் ஒரே கணத்தில் கொடுக்கப்படுவதில்லை. மருந்து வாரம் ஒரு முறை, கதிர் வாரத்தில் ஐந்து நாள். பழுதுபார்ப்பைத் தடுப்பதுதான் பெரும் பங்கு என்று நான் நினைக்கிறேன். எது எப்படியானாலும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கருப்பை வாய்ப் புற்றுநோயில் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்பதை 1999-இல் வெளியான நோயாளிச் சோதனைகளே நிறுவின. அம்மாவுக்கு அந்தச் சிகிச்சை தரப்பட்டது அந்தச் சான்றின் பலத்தில். எந்தச் சிமுலேஷனும் அந்த முடிவை எடுக்கவில்லை.

பழுதுபார்ப்பைத் தடுப்பதையே நேரடி வேலையாகக் கொண்ட மருந்துகளும் வந்துவிட்டன. பார்ப் என்ற புரதம் ஒற்றை இழை முறிவைக் கண்டதும் ஓடிவந்து உட்காரும். ஓலபாரிப் போன்ற மருந்துகள் அதன் செயலிடத்தை அடைக்கின்றன. மருந்து அந்தக் குழிக்குள் எப்படிப் பொருந்தும், எவ்வளவு இறுக்கமாக என்பதைக் கணிக்கக் கணினி பெரிதும் உதவுகிறது. ஆனால் இதிலும் ஒரு பாடம் உண்டு. வெலிபாரிப்பும் அந்தக் குழியை நன்றாகவே அடைக்கிறது, எனினும் செல்லைக் கொல்வதில் டாலசோபாரிப்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. புரதத்தை டி.என்.ஏ.வின் மேலேயே விலக முடியாமல் சிக்கவைப்பதுதான் கொல்கிறது என்று 2012-இல் தெரியவந்தது. குழியில் பொருந்தும் இறுக்கத்தை மட்டும் கணித்துக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. அந்த இறுக்கத்தைக் கணிப்பதும் எளிதல்ல. உடல் வெப்பநிலையில் 1.4 கிலோ கலோரி பிழை ஏற்பட்டால் விடை பத்து மடங்கு மாறிவிடும். இன்றைய சிறந்த முறைகளின் பிழையே 1 கிலோ கலோரிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இவ்வளவு எச்சரிக்கை சொன்ன பிறகு, சிமுலேஷன் தன் பலத்தைக் காட்டிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். பாரிஸின் க்யூரி நிறுவனத்தில் ஃபாவோடான் குழு 2014-இல் ஒன்றைக் காட்டியது. வழக்கமாகச் சில நிமிடங்களில் கொடுக்கும் கதிரை ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் கொடுத்தால் எலிகளின் நலமான நுரையீரல் தப்பிக்கிறது, கட்டி மட்டும் அதே அளவில் அழிகிறது. இதற்கு ஃப்ளாஷ் என்று பெயர். ஏன் இப்படி? உடனே ஒரு விளக்கம் பரவியது. அவ்வளவு வேகத்தில் கொடுத்தால் திசுவின் ஆக்சிஜன் சட்டென்று தீர்ந்துவிடுகிறது, ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிர் அவ்வளவாகப் பாதிக்காது. ஆக்சிஜன் இருந்தால் சேதம் இரண்டரை முதல் மூன்று மடங்கு கூடும் என்பது பழைய உண்மை என்பதால் விளக்கம் கச்சிதமாகப் பொருந்துவதுபோல் இருந்தது. ஆனால் ரேடிக்கல்களும் ஆக்சிஜனும் வினைபுரிவதைக் கணினியில் ஓட்டியபோது, 10 கிரே கொடுத்தாலும் கரைந்திருக்கும் ஆக்சிஜனில் சிறு பகுதிதான் தீர்ந்தது. பின்னர் நேரடி அளவீடுகளும் அதையே சொன்னன. அந்த விளக்கம் இன்று பெரிதும் பலமிழந்துவிட்டது. உண்மையான காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தவறான திசையில் ஓடாமல் தப்பித்தோம். எது நடக்கிறது என்று சொல்வதைவிட, எது நடக்க முடியாது என்று சொல்வதில் சிமுலேஷன் பல மடங்கு நம்பகமானது. இதற்குக் காரணமும் எளிது: கையிலிருந்து போட்ட விதிகளை எவ்வளவுதான் நம் பக்கம் இழுத்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், அந்த விளக்கம் தவறு.

மருத்துவமனையிலும் மான்டே கார்லோ ஓடுகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. நோயாளியின் சி.டி. படத்தை வைத்து எந்த இடத்தில் எத்தனை கிரே சேரும் என்பதைக் கணிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அது துல்லியமானது, நம்பத் தகுந்தது. ஆனால் அது ஆற்றல் எங்கே சேர்கிறது என்பதோடு நின்றுவிடும். டி.என்.ஏ. முறிவு அதில் வராது. சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை கிடைக்கிறது. அங்கும், உலகின் மற்ற புரோட்டான் மையங்களிலும், புரோட்டானின் உயிரியல் வீரியம் எக்ஸ் கதிரைவிட 1.1 மடங்கு என்ற ஒரே எண்ணைத்தான் பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். பாதையின் முடிவில் அது கூடும் என்று சோதனையும் சிமுலேஷனும் சேர்ந்து சொல்கின்றன. அந்தக் கூடுதலை எண்ணாக மாற்றிச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்கும் அளவுக்குத் துணிச்சல் இன்னும் பொதுவாக வரவில்லை. என்றாலும், புரோட்டான் நிற்கும் இடம் மூளைத்தண்டு போன்ற உறுப்பின் மேல் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

கடைசிக் கேள்வி: வரலாமா? வாருங்கள். இயற்பியல் படித்தவர்களுக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது, செலவும் குறைவு. ஜியான்ட்4-டி.என்.ஏ. இலவசம், நிரல் முழுவதும் திறந்திருக்கிறது, ஒரு சாதாரண லினக்ஸ் மடிக்கணினியில் தொடங்கலாம். மூலக்கூறு இயக்கத்துக்கு குரோமாக்ஸ், குவாண்டம் கணக்குக்கு சிபி2கே, இரண்டும் அப்படியே. சி++ கொஞ்சம் தெரிய வேண்டும். முதல் வேலையாக டி.என்.ஏ.வைத் தொடாதீர்கள். வெறும் தண்ணீரில் எலக்ட்ரானை ஓடவிட்டு, மேலே சொன்ன 5-லிருந்து 2.7-க்கு இறங்கும் சரிவு உங்கள் கணினியில் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு ஒரு பிளாஸ்மிட்டை வையுங்கள். 17.5 என்ற எண்ணை 10 ஆக்குங்கள், 25 ஆக்குங்கள். 0.4-ஐ 0.65 ஆக்குங்கள். முறிவுகளின் எண்ணிக்கை எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பிறகு நீங்கள் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையின் முடிவையும் அந்தத் தாளின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

ஆராய்ச்சிக்குத் தலைப்பு வேண்டுமென்றால், ஆக்சிஜன் குறைந்த கட்டிகளைப் பாருங்கள். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரோடு நிமோரசோல் கொடுப்பது நீண்டகால வழக்கம். அது ஆக்சிஜனின் வேலையை ஓரளவு செய்கிறது. எலக்ட்ரானை அது எப்படிப் பிடிக்கிறது என்று ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் தலை, கழுத்துப் புற்றுநோய் மிக அதிகம், அந்தக் கட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளும் அதிகம். நிமோரசோல் தண்ணீரிலும் டி.என்.ஏ.வின் அருகிலும் எலக்ட்ரானோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குவாண்டம் முறையில் கணித்து, அதில் கிடைக்கும் வேகங்களை ரேடிக்கல் சிமுலேஷனுக்குள் கொடுத்து ஓட்டலாம். ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும் வேலை அது. பிளாஸ்மிட்டும் ஜெல்லும் வைத்திருக்கும் ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தையும், காமா கதிர் மூலம் உள்ள ஓர் இடத்தையும் தொடக்கத்திலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணித்து முடித்த பிறகு சோதனைக்கு ஆள் தேடினால் கிடைப்பது கடினம்.